பன்னிரண்டு அடி ஒழுங்கை

ஒழுங்கையில் நாய் ஒன்று செத்துக் கிடந்தால், அதன் தலை எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சபைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது புளியடி ஒழுங்கைக்காரரின் பழைய பகிடி. ஒழுங்கையின் நட்டநடுவால் இரண்டு பிரதேச சபைகளின் எல்லை ஓடியது. வடக்குப் பக்கத்து ஆறு வீடுகள் ஒரு சபைக்கு, தெற்குப் பக்கத்து ஐந்து வீடுகள் மற்றச் சபைக்கு. சபைகளின் நீண்ட பெயர்களை யாரும் வாயில் எடுப்பதில்லை. குப்பை அள்ளும் ட்ரக்டர்களின் நிறத்தைக் கொண்டு நீலச் சபை, சிவப்புச் சபை என்பார்கள். இரண்டு ட்ரக்டர்களும் பெரிய றோட்டோடு நின்று திரும்பிவிடும். தெருவிளக்குப் போடச் சொல்லிக் கேட்டால், கம்பம் சிவப்பின் பக்கம் நிற்கிறது என்று நீலம் சொல்லும். வெளிச்சம் நீலத்துக்குத்தானே விழும் என்று சிவப்பு சொல்லும். தேர்தல் வந்தால் மட்டும் இரண்டு பக்கத்து வேட்பாளர்களும் ஒரே நேரத்தில் உள்ளே வந்து, வழிவிட இடமில்லாமல் ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு கும்பிடுவார்கள்.

சிவக்கொழுந்து இந்தப் பகிடிகளுக்குச் சிரித்து எட்டு மாதமாகிவிட்டது.

மாசி மாதத்து ஒரு பகலில், வெங்காயத் தறைக்குத் தண்ணீர் மாறிவிட்டு வந்த அவளுடைய கணவன் ஏரம்பு, கிணற்றுக்கட்டில் குந்தி, "நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்யுதப்பா" என்றான். மகன் கோகுலன் அன்று வீட்டில் நின்றான். அவன் தொலைபேசி எடுத்துக் கால் மணித்தியாலத்துக்குள் அம்புலன்ஸ் வந்துவிட்டது. வந்தது பெரிய றோட்டுக்கு. அங்கிருந்து வீட்டுக்கு இருநூற்றைம்பது மீற்றர். அம்புலன்ஸில் வந்த இரண்டு பெடியன்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஏரம்புவின் வளவு மூலையில் ஒழுங்கை ஒரு முடக்குத் திரும்புகிறது. அந்த இடத்தில் வேலிக்கு வேலி நாலடி. ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. சரித்துப் பார்த்தார்கள், தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் கோகுலன் வீட்டிலிருந்து பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து, தகப்பனை அதில் இருத்திச் சீலையால் கட்டித் தூக்கினான். எதிர்வீட்டு உதயகலா குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடி வந்தாள்.

முடக்கில் கதிரையின் கை வேலியில் செருகிக்கொண்டது. அப்போது ஏரம்பு கண்ணைத் திறந்தான். தன் வேலியில் நட்டிருந்த கதியால் தடி ஒன்றை எட்டிப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. சிவக்கொழுந்துதான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தாள்.

"பத்து நிமிசம் முந்தி வந்திருந்தால் ஏதும் செய்திருக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ, உண்மைக்குச் சொன்னாரோ, கோகுலன் அந்தப் பத்து நிமிடத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மானிப்பாயில் அவன் வைத்திருந்த, தண்ணீர் மோட்டர் திருத்துகிற கடை பாதி நாள் பூட்டிக் கிடந்தது. தகப்பனின் படத்தைத் தலைப்பில் போட்டு ஒரு மனு எழுதினான். ஒரு ஒழுங்கையை இரண்டு சபை பங்குபோட்டு இரண்டும் கைவிட்டதால் ஒரு மனிதன் செத்தான். எல்லையைத் தெற்கே தள்ளி ஒழுங்கை முழுவதையும் நீலச் சபைக்குக் கொடுங்கள். அதைத் தெருவாக்கி ஏரம்பு வீதி என்று பெயரிடுங்கள். பதினொரு வீட்டுக்காரரும் கையெழுத்து வைத்தார்கள். பத்திரிகையில் வந்தது. சபைகளுக்கிடையிலான எல்லைகளைத் திருத்த அந்த வருடம் ஒரு குழு போட்டிருந்தார்கள். அது மனுவை எடுத்துக்கொண்டு, ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை கள உத்தியோகத்தர் அளக்க வருவார் என்று கடிதம் போட்டது.

கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. சபையின் தெருக் கணக்கில் ஏறுவதற்கு ஒழுங்கை பன்னிரண்டு அடி இருக்க வேண்டும். பழைய படத்தில் அது பன்னிரண்டு அடி வண்டில் பாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லைக் கற்கள் ஒன்றும் இப்போது இல்லாதபடியால், எந்த வேலி பழைய வேலி என்று ஊரவர்தான் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை காலையில் கோகுலன் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்தபடி நின்றான்.

"எங்கடை வேலியிலை இருந்துதான் அளக்கச் சொல்லப்போறன், அம்மா. இந்த ஒழுங்கையிலை ஒரு கதியாலையும் நகர்த்தாத மனிசன் அப்பா ஒராள்தான்."

"ஆர் சொன்னது?"

"அவர்தான் சொல்லுறவர். முன்பக்கத்தார்தான் நெருக்கி நெருக்கி வந்தவை எண்டு எத்தினை தரம் சொன்னவர்."

"இஞ்சையிருந்து பன்னிரண்டு அடி எண்டால், உதயகலாடை குசினி போகுமெல்லோ."

"போகட்டும். என்ரை அப்பாவே போயிட்டார், அவவுக்குக் குசினி பெரிசோ?"

சிவக்கொழுந்து அடுப்படிக்குத் திரும்பினாள். உதயகலா புருஷனில்லாதவள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டுக்குக் குசினி இல்லை என்று, ஐந்து வருடம் ஆடு வளர்த்து, கல்லுக் கல்லாக வாங்கிக் கட்டியது அது. அதன் சுவர் அவளுடைய வேலிக்கு ஓரடி உள்ளே நின்றது.

கோகுலனுக்குத் தெரியாதது சிவக்கொழுந்துக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில், போருக்குப் பயந்து, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது அவன் நாலு மாதக் குழந்தை. அடுத்த வருடம் திரும்பி வந்தால் ஊரில் வேலி என்று ஒன்று இல்லை. கிடுகு இல்லை, கதியால் இல்லை. எரிந்ததும் விறகுக்குப் போனதும் போக மிச்சம், வளர்ந்து மரமாகிவிட்ட சில பூவரசுகள் மட்டும். எல்லோரும் ஞாபகத்தை வைத்து வேலி போட்டார்கள். ஞாபகம் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று அடி கூடுதலாகக் கொடுத்தது. கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் இழந்துவிட்டு வந்த சனம், ஒழுங்கையில் கொஞ்சம் எடுத்தால் யாருக்கு நட்டம் என்று நினைத்தது. அதற்குப் பிறகு வேலி அடைக்கிற ஒவ்வொரு தையிலும் கதியால்கள் ஒரு சாண், அரைச் சாண் என்று வெளியே நடந்தன. மற்றவர்கள் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஏரம்பு நிறுத்தவில்லை. பொல்லாதவன் அல்ல, சிகரெட் இல்லை, சாராயம் இல்லை, சண்டை இல்லை. மண் மட்டும்தான் அவனுடைய ஆசை. ஏழு வருடத்துக்கு முன், கோகுலன் மோட்டர் வேலை பழக வெளியூர் போயிருந்த நேரம், கடைசியாக இரண்டடி தள்ளினான். அன்று கயிற்றின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றது சிவக்கொழுந்து. "இன்னும் கொஞ்சம் அங்காலை, இன்னும் கொஞ்சம்" என்று அவன் சொல்லச் சொல்ல அவள் நகர்ந்தாள். கிடைத்த இடத்தில் கத்தரி வைத்தாள். நன்றாகக் காய்த்தது.

ஒன்பது மணிக்கு உதயகலா வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் கூப்பிட்டாள்.

"அக்கா, ஒருக்கால் வாங்கோ."

சிவக்கொழுந்து போய் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நாலடி ஒழுங்கை.

"தம்பி எங்கை?"

"சந்திக்குப் போட்டான், உத்தியோகத்தரைக் கூட்டிவர."

"தம்பி என்ரை குசினியை இடிப்பிக்கப் போறாராம். நான் இரண்டடி எடுத்தனான்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதைக் குடுக்கிறன். வேலியைப் பின்னுக்குப் போட்டால் குசினிச் சுவரிலை ஓரடி போகும், அதையும் வெட்டிக் குடுக்கிறன். ஆனால் எட்டடி நான் எடுக்கேல்லை அக்கா."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சால் கதையுங்கோவன்."

"நீ கதைக்கலாம்தானே. உனக்கும் தெரியும்தானே."

உதயகலா வேலிக் கிடுகு ஒன்றை நேராக்கிவிட்டாள். பிறகு, "எட்டு மாசமாய் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறன். அண்ணையை அந்தக் கதிரையிலை பாத்த என்ரை வாயாலை அதை எப்பிடிச் சொல்லுறது? உங்கடை பெடியன் வேறை, சாமிப்படம் மாதிரித் தகப்பன்ரை படத்தைக் கொண்டு திரியுது. நான் சொல்ல மாட்டன். குசினி போனால் முத்தத்திலை கல்லு வைச்சுச் சமைக்கிறன்" என்றாள். வேலிப் பொட்டை விட்டுப் போனவள் திரும்பி, "கயிறு பிடிச்சது நீங்கள்தானே அக்கா. நான் இதிலை நிண்டு பாத்தனான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சிவக்கொழுந்துக்குத் தாங்கவில்லை.

உத்தியோகத்தர் பத்து மணிக்கு வந்தாள். ஆரணி என்று பெயர். முப்பது வயதுகூட இராது. தொப்பியும் சப்பாத்தும் போட்டிருந்தாள். கையில் சுருள் நாடாவும் பழைய படத்தின் பிரதியும் இருந்தன. கூடவே கிராம உத்தியோகத்தரான விதானையார் வந்தார். ஒழுங்கைக்காரர் எல்லோரும் தங்கள் படலை வாசல்களில் நின்றார்கள். ஆரணி ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்டாள். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"இது அந்த நாளையிலை இருந்து இப்பிடித்தான் மிஸ்."

"அந்த நாள் எண்டால் எந்த நாள்?"

"அந்த நாள் எண்டால்... அந்த நாள்தான்."

விதானையார் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "புளியடியிலை ஒழுங்கை தானாய்ச் சுருங்கினது பிள்ளை. மழைக்கு நனைஞ்ச சட்டை மாதிரி" என்றார்.

முடக்கில் வந்து ஆரணி நாடாவைப் பிடித்தாள். "நாலடி ஓரங்குலம். ஆகக் குறைஞ்ச இடம் இதுதான்."

"இதிலைதான் மிஸ்," என்றான் கோகுலன். தங்கள் வேலியில் கையை வைத்துக்கொண்டு, "எங்கடை வேலிதான் பழைய வேலி. இதிலை இருந்து பன்னிரண்டு அடி அளவுங்கோ. நான் எழுதித் தாறன், சத்தியக்கடதாசி வேணுமெண்டாலும் தாறன்" என்றான்.

"முன்வீட்டு அம்மா என்ன சொல்லுறீங்கள்?"

உதயகலா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்டும் தெரியாது பிள்ளை. உங்களுக்குச் சரியெண்டு படுறதைச் செய்யுங்கோ."

"தெரியாது எண்டால் எழுதிடுவன் அம்மா. பிறகு மாத்தேலாது."

"எழுதுங்கோ."

ஆரணி நாடாவின் நுனியை ஏரம்புவின் வேலியில் கோகுலனிடம் கொடுத்துவிட்டு மறுபக்கம் நடந்தாள். நாடா நாலடியைத் தாண்டி உதயகலாவின் வேலிக்குள்ளால் போனது, குசினிச் சுவரில் முட்டியது, கதவுக்குள்ளால் உள்ளே போனது. அடுப்புக்கு மேலே பன்னிரண்டு விழுந்தது. அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. ஆரணி சுவரில் கோடு போடச் சோக்கை எடுத்தாள்.

"பிள்ளை, பொறுங்கோ," என்றாள் சிவக்கொழுந்து.

எல்லோரும் திரும்பினார்கள். சொல்லாமல் விட்டால் மகனுக்கு ஒரு தகப்பன் மிஞ்சுவான். தெருப் பலகையில் அவன் பெயர் இருக்கும். சொன்னால் மகனுக்கு என்ன மிஞ்சும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"உள்ளுக்கு வாங்கோ. ஒண்டு காட்டுறன்."

ஆரணியை அவள் படலைக்குள்ளால் வளவுக்குள் கூட்டிப் போனாள். வேலியிலிருந்து ஆறடி உள்ளே, கத்தரிப் பாத்திக்கு அப்பால், நாலு பெரிய பூவரசுகள் நூல் பிடித்தாற்போல ஒரே வரிசையில் நின்றன. இதே மாதிரி வரிசை ஒழுங்கையின் ஒவ்வொரு வளவுக்குள்ளும் இரண்டடியில், மூன்றடியில் நின்றது. எல்லோரும் அந்த நிழலில்தான் இருந்தார்கள்.

"மரத்தை ஆரும் வரிசையாய் நட்டு நிழல் வளக்கிறேல்லை, பிள்ளை. இது கதியால் போட்டுத் தழைச்ச மரங்கள். இதுதான் பழைய வேலி."

"அம்மா!" என்றான் கோகுலன்.

"திரும்பி வந்த வருசம் மூண்டடி. பிறகு ஓரடி. ஏழு வருசத்துக்கு முந்தி இரண்டடி." அவள் ஆரணியைப் பார்த்தே சொன்னாள். "கடைசியாய்ப் போடேக்கை கயிறு பிடிச்சது நான். எழுதுங்கோ. கையெழுத்தும் வைக்கிறன்."

பிறகு படலையில் நின்ற ஒரு கிழவர் செருமிவிட்டு, தன் வளவிலும் பார்க்கலாம் என்றார். அவருக்குப் பிறகு இன்னொருவர். ஆரணி ஒவ்வொரு வளவாகப் போய் மரங்களை எண்ணினாள்.

கோகுலன் பாத்திக்கு நடுவில் நின்றான். சின்ன வயதில் அந்தப் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதியவன் அவன். இப்போது முதன்முதலாகப் பார்ப்பவன் போல ஒவ்வொரு மரமாகப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். முடக்கைப் பார்த்தான்.

"அண்டைக்குத் தெரியுமோ அம்மா? கதிரையைக் கொண்டுபோகேக்கை?"

"ஓம்."

"அப்பாவுக்கு?"

அவள் குனிந்து கத்தரிச் செடி ஒன்றின் காய்ந்த இலையைக் கிள்ளினாள்.

"அவர் வேலியைப் பிடிச்சது... வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் பிடிச்சவர் எண்டு நான் எல்லாருக்கும் சொன்னனான். பேப்பர்காரனுக்கும் சொன்னனான்."

"அப்பிடியும் இருக்கலாம் தம்பி."

"விசர்க்கதை கதையாதேங்கோ!" அவன் கத்தினான். அந்தச் சத்தம் ஒழுங்கை முழுவதும் கேட்டது. "எட்டு மாசம்! எட்டு மாசமாய் இரண்டு சபைக்காரனையும் கொலைகாரன் எண்டு ஏசிக்கொண்டு திரிஞ்சன். நீங்கள் தேத்தண்ணி ஊத்தித் தந்து பாத்துக்கொண்டிருந்தனீங்கள். ஏன் சொல்லேல்லை?"

"நீ ஆரிலையாவது கோவிக்க வேணும் போலை இருந்தது. விட்டிட்டன்."

"இப்ப ஆரிலை கோவிக்கிறது?"

"என்னிலை கோவி," என்றாள். "கயிறு பிடிச்சது நான்தானே."

செத்துப்போனவனோடு அவனால் கோபிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற ஒருத்தி வேண்டும். அதற்குத்தான் அந்தக் கயிற்றை ஆரணிக்கு முன்னால் சொன்னாள் என்று அவன் என்றைக்காவது விளங்கிக்கொள்ளக்கூடும், விளங்காமலே போகவும்கூடும். அன்று பின்னேரம் அவன் உடுப்புகளை ஒரு பையில் அடைத்துக்கொண்டு மானிப்பாய்க் கடையின் பின்னறைக்குப் போய்விட்டான். வீதிக்குத் தகப்பன் பெயர் வைக்கும் கோரிக்கையை வாபஸ் வாங்கியதாக அடுத்த கிழமை விதானையார் சொன்னார்.

"ஒரு வரிதான் எழுதியிருந்தான். காரணம் எழுதேல்லை" என்றார்.

தையில் முடிவு வந்தது. எல்லை ஒழுங்கையின் நடுவிலிருந்து தெற்கு வேலிக்குத் தள்ளப்பட்டது. ஒழுங்கை முழுக்க நீலத்துக்கு. உதயகலாவும் அவளுடைய வரிசையும் சிவப்பிலேயே இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய படலை நீலத்துக்குள் திறந்தது. அதிலும் ஒரு பகிடி இருந்தது. யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே நாளில் வேலியைப் பின்னுக்குப் போடுவதென்று முடிவாயிற்று.

அன்று காலை கோகுலன் மோட்டார் சைக்கிளில் வந்தான். கூட ஒரு வேலையாளையும் கூட்டி வந்திருந்தான். அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். இரண்டு பேருமாகக் கிடுகுகளைக் கழற்றி, கதியால்களை வெட்டிச் சாய்த்து, பூவரசு வரிசையோடு புது வேலி போட்டார்கள். முன்பக்கத்தில் உதயகலா தன் இரண்டடியை விட்டு, குசினியின் முன்சுவரை ஓரடி உடைத்து உள்ளே தள்ளிக் கட்டுவித்தாள். கத்தரிச் செடிகள் ஒழுங்கைக்குள் போயின. காய்த்து நின்றவற்றை அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பிடுங்கினார்கள். சிவக்கொழுந்து தடுக்கவில்லை.

இரண்டு மணிபோல கோகுலனின் வேலை முடிந்தது; மற்ற வளவுகளில் கடைசிக் கிடுகுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒழுங்கை வெளிச்சமாகக் கிடந்தது. அது இவ்வளவு அகலமாக இருந்த காலத்தில் தான் புதுப்பெண்ணாக வண்டிலில் வந்து இறங்கியது சிவக்கொழுந்துக்குத் திடீரென்று ஞாபகம் வந்து, அதைச் சொல்ல ஆளில்லாமல் நின்றாள்.

"சோறு போடட்டோ தம்பி?"

அவன் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளைக் கிணற்றடி வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்த் திருப்பி நிறுத்தினான். கைத்தொலைபேசியை எடுத்து நேரம் அளக்க அழுத்திச் சட்டைப்பைக்குள் வைத்தான். படலையால் வெளியே போனான். முடக்கில் அவன் வேகம் குறைக்கவில்லை. பெரிய றோட்டில் நின்று திரும்புகிற சத்தம் கேட்டது. வந்தான். மறுபடியும் கிணற்றடியில் இருந்து போனான். மூன்று தரம். ஒழுங்கையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கத்தியையும் அலவாங்கையும் கீழே போட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். உதயகலா குசினி வாசலில் முகத்தை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் தரம் தாயின் முன்னால் வந்து நிறுத்தினான்.

"நாற்பது செக்கன்," என்றான். "நாற்பது செக்கன், அம்மா."

சிவக்கொழுந்து கையை நீட்டினாள். ஹெல்மெற்றின் கண்ணாடிக்குப் பின்னால் அவனுடைய முகம் தெரியவில்லை. கை அவன் தோளில் படுவதற்குள் அவன் மறுபடியும் கிளம்பிவிட்டான். அவள் திரும்பி வருகிற சத்தத்துக்காக அகன்று கிடந்த ஒழுங்கையில் காத்து நின்றாள். மோட்டார் சைக்கிள் பெரிய றோட்டில் ஏறி, மானிப்பாய்ப் பக்கம் திரும்பியது. சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை ஒழுங்கையில் ஒருவரும் ஒரு வேலையும் செய்யவில்லை.